பிள்ளைகளோடு பாய்மரப் படகில் பெருங்கடல் கடக்க

பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பாய்மரப் படகில் பெருங்கடலைக் கடக்கப் போகிறோம் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது இதுதான்: "நடுக்கடல்ல புயல் வந்தா என்ன பண்ணுவீங்க?" எங்களையும் கேட்டார்கள். நாங்கள் இரண்டு பேர், 9 வயது மகள், 6 வயது மகன், 12 மீட்டர் நீளப் படகு. அட்லாண்டிக்கைக் கடக்க 23 நாள் ஆனது. அந்த 23 நாளில் புயல் எதுவும் வரவில்லை. தூக்கக் கலக்கம்தான் வந்தது. நாலாம் நாள் ராத்திரி என் கணவர் நல்ல தண்ணீர்க் குழாய் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த கடல்நீர்க் குழாயைத் திறந்து டீ போட்டார். பாதி டம்ளர் குடித்த பிறகுதான் உப்புக் கரிப்பது அவருக்கு உறைத்தது. அதே ராத்திரி திசைகாட்டி 255 டிகிரி என்று காட்டியதை நான் பயண ஏட்டில் 225 என்று எழுதி வைத்திருந்தேன். டீ கதையை அடுத்த நாளே சொல்லிச் சிரித்தோம். திசைக் கதையைச் சொல்லிச் சிரிக்க எனக்கு ரொம்ப நாள் ஆனது.

அதனால் இந்த வழிகாட்டியில் கருவிகளைவிடத் தூக்கத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். உங்களுக்குப் படகு ஓட்டத் தெரியும், கரையோரமாகப் பல முறை போய்வந்திருக்கிறீர்கள், குடும்பத்தோடு நீண்ட கடல் வழி மட்டும் புதிது என்று வைத்துக்கொள்கிறேன்.

பருவமும் பாதையும்

புறப்படும் தேதியைக் குறித்துக் கொடுப்பது காற்று. அட்லாண்டிக்கைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடப்பவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அருகிலுள்ள கேனரித் தீவுகளிலிருந்து கிளம்பிக் கரீபியன் தீவுகளுக்குப் போகிறார்கள். கேனரியிலுள்ள லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியனிலுள்ள செயின்ட் லூசியாவுக்குச் சுமார் 2,700 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். குடும்பப் படகு ஒன்று சராசரியாக 5 முதல் 6 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் போனால் ஒரு நாளைக்கு 120 முதல் 144 கடல் மைல் நகரும். ஆக, 19 முதல் 23 நாள். காற்று படுத்துவிட்டால் இன்னும் கூடும். சாமான் கணக்கை 30 நாளுக்குப் போடுங்கள்.

அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. வடகிழக்கு வியாபாரக் காற்று நிலையாக வீசத் தொடங்குவதும் ஏறத்தாழ டிசம்பரில்தான். அதனால் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை கிளம்புகிறார்கள். "வெண்ணெய் உருகும்வரை தெற்கே போ, அப்புறம் மேற்கே திரும்பு" என்று பழைய மாலுமிகள் சொல்வார்கள். குளிர்சாதனப் பெட்டி இருக்கும் படகுகளிலும் அது இன்னும் நல்ல யோசனைதான். நேராக மேற்கே இழுத்தால் காற்றில்லாத பகுதியில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். கொலம்பஸ் 1492 செப்டம்பர் 6 அன்று கேனரித் தீவான லா கோமேராவை விட்டு, அக்டோபர் 12 அன்று பஹாமாஸ் பகுதியில் கரை சேர்ந்தார். 36 நாள். சூறாவளிப் பருவத்தின் உச்சத்தில் போய்த் தப்பியவர் அவர். அந்த மாதத்தை மட்டும் அவரிடமிருந்து காப்பியடிக்காதீர்கள்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் கேப் வெர்டே தீவுகளில் ஒரு முறை நிற்பதுதான் என் கட்சி. கேனரியிலிருந்து அங்குள்ள மின்டெலோ துறைமுகம் சுமார் 850 கடல் மைல். அங்கிருந்து கரீபியனுக்குச் சுமார் 2,100. ஒரே மூச்சில் மூன்று வாரம் என்பது ஒரு வாரம், இரண்டு வாரம் என்று பிரிந்துவிடும். நாங்கள் நிற்காமல் போனோம். அடுத்த முறை நிற்போம். பசிபிக் பக்கம் போகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. காலபகோஸிலிருந்து மார்க்கெசஸ் தீவுகள் வரை 3,000 கடல் மைல், நடுவில் தீவு கிடையாது.

இன்னொன்று. காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று நாள் போய்விட்டால் திரும்பி வருவது முன்னே போவதைவிடக் கஷ்டம். அதே காற்றும் அலையும் முகத்தில் அடிக்கும். "பிடிக்கலைன்னா திரும்பிடலாம்" என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

மூன்று ராத்திரி ஒத்திகை

ஒரு ராத்திரிப் பயணம் ஒத்திகை ஆகாது. முதல் ராத்திரி உற்சாகத்திலேயே ஓடிவிடும், இரண்டாவது பிடிவாதத்தில் ஓடும். மூன்றாவது ராத்திரிதான் யாருக்குக் கோபம் வருகிறது, யார் காவலில் கண் அயர்கிறார், எந்தப் பிள்ளை அழுகிறது என்பதெல்லாம் தெரியும். ஐரோப்பியக் கரையிலிருந்து கேனரிக்கு இறங்கும் வழி 600 முதல் 700 கடல் மைல், ஐந்தாறு நாள். நல்ல ஒத்திகை அதுதான். அந்தப் பயணம் முடிந்த பிறகு, "இதைப் போல நாலு மடங்கு போகலாமா?" என்று பிள்ளைகளையும் உட்காரவைத்துக் கேளுங்கள். எங்கள் மகன், "நாலு மடங்குன்னா எத்தனை தடவை தூங்கி எழுந்திருக்கணும்?" என்று திருப்பிக் கேட்டான். சரியான கேள்வி.

காவல் முறை

ஒவ்வொரு படகும் எப்போதும் சரியான கண்காணிப்பு வைத்திருக்க வேண்டும் என்பது 1972 சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது. இதைச் சட்டம் என்று பார்ப்பதைவிடக் கணக்காகப் பாருங்கள். எதிரே வரும் சரக்குக் கப்பல் 18 நாட், நீங்கள் 6 நாட் என்றால், 8 கடல் மைல் தூரத்தில் தெரியும் விளக்கு 20 நிமிடத்தில் உங்கள் தலைமேல் இருக்கும். சமையலறை டைமர் ஒன்றை வாங்கிக் கழுத்தில் தொங்கவிட்டு, 12 நிமிடத்துக்கு ஒரு முறை அடிக்க வையுங்கள். அடித்ததும் எழுந்து நின்று ஒரு முழுச் சுற்று பார்க்க வேண்டும். ஏ.ஐ.எஸ். கருவி, மற்றக் கப்பல்கள் தம் இடத்தைச் சொல்லி அனுப்பும் சைகையை வாங்கித் திரையில் காட்டும், ரொம்ப உதவி. ஆனால் எல்லாப் படகும் ஏ.ஐ.எஸ். வைத்திருப்பதில்லை, வைத்திருப்பவர்களும் எல்லா நேரமும் அதைப் போட்டுவைப்பதில்லை.

முதல் நாலு நாள் நாங்கள் புத்தக முறைப்படி மூன்று மணி நேரம் காவல், மூன்று மணி நேரம் ஓய்வு என்று மாறினோம். கேட்க நியாயமாக இருக்கும். நடப்பது வேறு. காவல் முடிந்து ஈர ஜாக்கெட்டைக் கழற்றி, ஏட்டில் எழுதி, படுத்துக் கண் மூட அரை மணி நேரம். அடுத்த காவலுக்கு எழுப்புவதும் உடுப்பதும் கால் மணி. மிச்சம் இரண்டேகால் மணி. அதையும் படகு ஆட்டி ஆட்டிக் கெடுக்கும். உப்பு டீ அந்தக் கணக்கில் வந்ததுதான்.

ஐந்தாம் நாள் மாற்றினோம். மாலை 7 முதல் நள்ளிரவு 1 வரை அவர், 1 முதல் காலை 7 வரை நான். ஆளுக்கு ஆறு மணி நேரம் ஒரே இழுப்பில் தூக்கம். மாலை ஏழுக்கே படுக்கப் போவது எனக்கு முதல் இரண்டு நாள் சிரமமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. ஆறு மணி நேரம் ராத்திரி தனியாக உட்காருவது எல்லாருக்கும் ஒத்துவராது. காற்று நிலையாக இருந்த வழியில் எங்களுக்கு ஒத்துவந்தது. காற்று முரண்டு பிடித்த இரண்டு ராத்திரிகளில் மட்டும் நாலு மணி நேரமாகக் குறைத்தோம்.

குடும்பப் படகின் உண்மையான சிக்கல் பகலில் இருக்கிறது. ராத்திரி காவல் பார்த்தவர் பகலில் தூங்கப் போவார். பிள்ளைகள் விழித்திருப்பார்கள். "அம்மா, இவன் என் பென்சிலை எடுத்துட்டான்" என்று கதவுக்கு வெளியே ஒரு வழக்கு வரும். ஓய்வில் இருப்பவர் தானாகப் பிள்ளை பார்ப்பவராக மாறிவிடுவார், தூக்கம் போய்விடும். நாங்கள் போட்ட விதி: பகலில் படகையும் பிள்ளைகளையும் ஒரே ஆள் பார்க்க வேண்டும். காலை 8 முதல் 11 வரை எனக்குக் கதவு சாத்தியிருக்கும், மதியம் 1 முதல் 4 வரை அவருக்கு. கதவில் மகள் வரைந்த ஒரு தூங்கும் திமிங்கிலம் ஒட்டியிருந்தது. அது தொங்கினால், ரத்தம் வந்தாலோ தண்ணீர் உள்ளே வந்தாலோ தவிர யாரும் தட்டக்கூடாது.

ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் இந்த விதி எடுபடாது. அப்படியென்றால் மூன்றாவதாக ஒரு பெரியவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 12 மணி நேர ராத்திரியை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு நாலு மணி நேரம்தான். சின்னப் படகில் இன்னொரு ஆள் நெருக்கடிதான், ஆனால் அந்த நெருக்கடியைப் பொறுத்துக்கொள்ளலாம். இருவரில் ஒருவர் காய்ச்சலில் விழுந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் அவர்தான் பதில்.

காவல் மாறும்போது கால் மணி நேரம் இருவரும் சேர்ந்திருங்கள். எழுப்புகிறவர் பேர் சொல்லிக் கத்தாமல் பாதத்தைத் தொட்டு எழுப்ப வேண்டும். பிள்ளைகள் எழக்கூடாது. வெள்ளை விளக்குப் போட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடும், சிவப்பு விளக்குப் போதும். ஏட்டில் நேரம், இடம், திசை, வேகம், காற்று, காற்றழுத்தம் இவற்றை எழுதி, எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். என் 225 அன்றைக்கு அப்படித்தான் பிடிபட்டது. அந்தக் கால் மணியில் சண்டை, பணம், பிள்ளை வளர்ப்பு பேசக்கூடாது. பேசினோம், அதனால் சொல்கிறேன். இப்படி மாறி மாறித் தூங்கும் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இந்தக் கைமாற்றில்தான். அதனால் மாலை நாலரையிலிருந்து ஆறு வரை நாலு பேரும் மேலே ஒன்றாக உட்காருவோம். ராத்திரிச் சாப்பாட்டை அப்போதே முடித்துவிடுவோம்.

ஒன்று மறந்துவிட்டேன். இருவர் மட்டும் சுக்கானைக் கையில் பிடித்துக்கொண்டே மூன்று வாரம் ஓட்ட முடியாது. தானியங்கிச் சுக்கான் வேண்டும், அது கெட்டால் இன்னொன்றும் வேண்டும். காற்றின் விசையிலேயே இயங்கும் சுக்கான் கருவி ஒன்றைப் பின்பக்கம் மாட்டினால் மின்சாரச் செலவு கிடையாது. இருட்டுவதற்கு முன்பே பாயின் பரப்பைச் சுருக்கிவிடுங்கள். அரை நாட் வேகம் குறையும். அதற்குப் பதிலாக, ராத்திரி மழைமேகம் ஒன்று திடீர்க் காற்றோடு வந்தால் தூங்குகிறவரை எழுப்ப வேண்டியிருக்காது.

படுக்கையும் சத்தமும்

பின்காற்றில் போகும் படகு இடமும் வலமுமாக உருண்டுகொண்டே இருக்கும், நிற்காது. முன்பக்க அறையில் அலை மோதும் சத்தம் அதிகம், ஆட்டமும் அதிகம். படகின் நடுவில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாகப் படுங்கள். படுக்கையின் திறந்த பக்கத்தில் கித்தான் துணியைத் தடுப்பாகக் கட்டுங்கள், தொட்டில் மாதிரி. இரண்டு பக்கமும் தலையணை திணித்தால் உடம்பு உருளாது. பிள்ளைகள் இரண்டாவது வாரம் தரையில் மெத்தை போட்டுப் படுத்தார்கள், அங்கிருந்து விழ இடமில்லை.

ஆட்டத்துக்கு உடம்பு பழகிவிடும். சத்தத்துக்குப் பழகாது. ஆறாம் நாள் ராத்திரி ஏதோ ஒன்று டொக், டொக் என்று ஒவ்வொரு உருளலுக்கும் இரண்டு முறை அடித்தது. நான் டார்ச்சோடு மண்டியிட்டு ஒவ்வொரு அலமாரியாகக் காதை வைத்துக் கேட்டேன். தட்டுகள் இல்லை. டப்பாக்கள் இல்லை. கருவிப் பெட்டி இல்லை. ஒரு மணி நேரம் கழித்து, மிளகுத்தூள் சீசா ஒன்று தன் துளையில் விரலளவு இடைவெளியில் நடந்துகொண்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். மகனின் ஒற்றைக் காலுறையை மாட்டிவிட்டதும் அடங்கியது. புறப்படுவதற்கு முன்பே பழைய காலுறைகளை ஒரு பை நிறையச் சேர்த்து வையுங்கள். ஜோடி வேண்டியதில்லை.

மேல்தளத்துக்கு வருவதற்கான விதிகள்

6 நாட் வேகத்தில் படகு ஒரு நிமிடத்தில் 185 மீட்டர் போய்விடும். இரண்டு மீட்டர் அலையில் அந்தத் தூரத்தில் ஒரு தலை தெரியாது, அதுவும் ஒரு பிள்ளையின் தலை. விழுந்த பிறகு காப்பாற்றுவது எப்படி என்று பயிற்சி செய்யத்தான் வேண்டும். ஆனால் திட்டம் முழுக்க விழாமல் இருப்பதைச் சுற்றியே இருக்கட்டும்.

படகின் முன்னிருந்து பின்வரை இரண்டு பக்கமும் தட்டையான உறுதிப் பட்டை ஓடவிட்டு, ஹார்னஸிலிருந்து (உடம்பில் மாட்டும் பாதுகாப்புக் கச்சை) வரும் வாரை அதில் கொக்கி போட வேண்டும். உருண்டைக் கயிறு காலடியில் உருளும், வேண்டாம். ஓரக் கம்பிகளுக்கு வலை கட்டுங்கள். பிள்ளைகளின் லைஃப் ஜாக்கெட்டில் கால்களுக்கிடையே போகும் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே ஏறும், பிள்ளை கீழே நழுவும். எங்கள் விதிகள் மூன்றே: பிள்ளைகள் படியேறும் முன்பே, உள்ளே நிற்கும்போதே கொக்கி மாட்ட வேண்டும். ராத்திரியில் பெரியவர்களும் மாட்டாமல் மேலே கால் வைக்கக்கூடாது. தூங்குகிறவரை எழுப்பாமல் யாரும் முன்பக்கம் போகக்கூடாது. மூன்றாவது விதி கணவர்களுக்காக எழுதியது. அவர்கள்தான் "ஒரு நிமிஷ வேலை" என்று கிளம்புவார்கள்.

பெரிய பாயின் அடியில் இருக்கும் பூம் கட்டை, பின்காற்றில் தவறிப்போய் மறுபக்கம் அடித்தால் மண்டையை உடைக்கும். அதை முன்பக்கமாகக் கயிறு போட்டு இழுத்துக் கட்டிவிடுங்கள். நாங்கள் பாதி வழிக்கு மேல் பெரிய பாயை இறக்கிவிட்டு முன்பாய்கள் இரண்டை இரு பக்கமும் விரித்தே ஓடினோம். வேகம் கொஞ்சம் குறைவு, நிம்மதி அதிகம்.

முதல் மூன்று நாள் குமட்டல்

பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். கைக்குழந்தைகளுக்கு அவ்வளவாக வராது, இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களுக்குத்தான் அதிகம். மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, கரையிலேயே ஒரு நாள் சாப்பிட்டுப் பாருங்கள். சிலவற்றைச் சாப்பிட்டால் கண் சொருகும். காவலுக்கு உட்காருகிறவர் அதைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டை பெரியவர்களுக்கானது, பிள்ளைகளுக்கு ஒட்டாதீர்கள். இஞ்சி, உலர்ந்த பிஸ்கட், தொடுவானத்தைப் பார்த்தபடி உட்காருவது, இவையெல்லாம் உதவும். புத்தகமும் திரையும் உதவாது. வாந்தி தொடர்ந்தால் பயப்பட வேண்டியது உடம்பில் நீர் வற்றுவதற்குத்தான். உப்புச் சர்க்கரைக் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். அந்த மூன்று நாளுக்கு வேண்டிய சாப்பாட்டைக் கரையிலேயே சமைத்து வைத்துவிடுங்கள், கீழே இறங்கி வெங்காயம் நறுக்கும் நிலையில் யாரும் இருக்க மாட்டீர்கள்.

தண்ணீர், அடுப்பு, முட்டைக்கோஸ்

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர். நாலு பேருக்கு 30 நாள் என்றால் 360 லிட்டர். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி இருந்தாலும் இந்த 360 கிளம்பும்போதே தொட்டியில் இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு தனித்தனித் தொட்டிகளில். ஒன்று கெட்டுப்போனால் மற்றது பிழைக்கும். கேன்களில் வைப்பதாக இருந்தால் கழுத்துவரை நிரப்பாமல் கொஞ்சம் காற்று விடுங்கள். படகை விட்டு இறங்க நேர்ந்தால் அவை மிதக்கும்.

பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவிக் கடைசியில் ஒரு கை நல்ல தண்ணீர் விட்டால் போதும். குளிக்கவும் கடல்நீர்தான். சோப்பு நுரைக்காது, ஷாம்பு நுரைக்கும். ஆனால் கடைசியில் ஒரு குவளை நல்ல தண்ணீரை ஊற்றி உப்பைக் கழுவிவிட வேண்டும். உப்புத் தங்கிய துணி காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், காயவே காயாது.

அடுப்பு படகோடு சாயாமல் தொங்கி ஆடும் வகையாக இருக்க வேண்டும். பூட்டிய மூடியுள்ள பிரஷர் குக்கர் கவிழ்ந்தாலும் கொட்டாது, அதனால் நாங்கள் கொதிக்கும் எதையும் அதில்தான் வைத்தோம். கடலில் நிஜமாகப் பயப்பட வேண்டிய காயம் தீப்புண். சமைக்கிறவர் வெறும் காலோடும் அரைக்கால் சட்டையோடும் நிற்கக்கூடாது. அடுப்பு எரியும்போது பிள்ளைகள் அந்தப் பக்கம் வரவே கூடாது. சூடான டம்ளரைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்காமல் ஒரு இடத்தில் வைத்து, அடுத்தவர் எடுக்கட்டும்.

அட்டைப் பெட்டி ஒன்றுகூடப் படகில் ஏறக்கூடாது, மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும். டப்பாக்களின் லேபிள் ஈரத்தில் உரிந்துபோகும், உள்ளே என்ன என்று மூடியில் மார்க்கரால் எழுதுங்கள். குளிர்பெட்டிக்குள் ஒரு முறையும் போகாத, கழுவாத முட்டை வாரக்கணக்கில் தாங்கும். முட்டைக்கோஸை வெட்டாமல் ஒவ்வோர் இலையாக உரித்தெடுத்தால் மூன்று வாரமும் பச்சையாக ஏதோ ஒன்று தட்டில் இருக்கும். வாழைத்தார் வாங்காதீர்கள். எல்லாமே ஒரே நாளில் பழுக்கும்.

தூண்டில் போடுங்கள், ஆனால் அதை நம்பிச் சாமானைக் குறைக்காதீர்கள். பாதி வழிக்கு மேல் மிதக்கும் சர்காசம் பாசி தூண்டிலில் மாட்டிக்கொண்டே இருந்தது. பறக்கும் மீன்கள் ராத்திரியில் தாமாக வந்து விழும். காலையில் அவற்றை எண்ணிப் பொறுக்குவது மகனின் உத்தியோகம். ஒன்று ராத்திரி இரண்டு மணிக்கு என் கழுத்தில் வந்து அறைந்தது. அதையும் எண்ணிக்கையில் சேர்த்தான்.

பிள்ளைகளின் நாள்

பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது இன்றைக்கு இதற்குப்பின் இது என்ற ஒழுங்குதான். காலையில் மீன் எண்ணுவது, ஒன்றரை மணி நேரம் பாடம், மதியம் 12 மணிக்கு வரைபடத்தில் நம் இடத்தைக் குறிப்பது. கடைசியது காகித வரைபடமாக இருக்கட்டும். நேற்றைய புள்ளிக்கும் இன்றைய புள்ளிக்கும் நடுவே மகள் கவராயத்தால் அளந்து தூரத்தைச் சொல்வாள். 140 வந்தால் எல்லாருக்கும் சாக்லேட். 96 வந்த அன்று அவள் கவராயத்தைக் கொஞ்சம் தாராளமாகப் பிடித்துப் பார்த்தாள்.

துருவ நட்சத்திரத்தின் உயரம் ஏறத்தாழ நாம் இருக்கும் அட்சரேகைக்குச் சமம். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அது சுமார் 10 டிகிரி. கேனரி 28 டிகிரியில் இருப்பதால், தொடுவானத்திலிருந்து நட்சத்திரம் வரை கிட்டத்தட்ட மூன்று முஷ்டி. செயின்ட் லூசியா 14 டிகிரி, அங்கே ஒன்றரை முஷ்டிதான். வாரம் ஒரு முறை தூங்கப் போகும் முன் அளந்தோம். "நட்சத்திரம் கீழே இறங்குது" என்றான் மகன். எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு சுலபமாகச் சொல்லிக் கொடுக்காது.

கடிகாரத்தையும் கவனியுங்கள். 15 டிகிரி மேற்கே போனால் ஒரு மணி நேரம். இந்த வழியில் மொத்தம் மூன்று மணி நேரம் மாறும். ஏட்டை உலகப் பொது நேரத்திலேயே வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தை வாரத்துக்கு ஒரு மணி தள்ளுங்கள். தள்ளாவிட்டால் பிள்ளைகள் விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள், திமிங்கிலப் படத்துக்கு மரியாதை இருக்காது.

பரிசுப் பொட்டலங்களைக் காகிதம் சுற்றி ஒளித்து வையுங்கள், நாலு நாளுக்கு ஒன்று. விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம். எங்களிடம் அதிகம் ஓடியது ஒட்டும் நாடா ஒரு சுருள்.

மருந்தும் செய்தியும்

கிளம்பும் முன் எல்லாரும் பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பிள்ளைகளின் எடையை மருந்துப் பெட்டி மூடியிலேயே எழுதி ஒட்டுங்கள், பாதி ராத்திரியில் அளவு கணக்குப் போட அது வேண்டும். செயற்கைக்கோள் தொலைபேசியில் கரையிலுள்ள மருத்துவரிடம் பேசலாம். ரோமில் 1935 முதல் இயங்கும் சி.ஐ.ஆர்.எம். என்ற கடல் மருத்துவ மையம் எந்த நாட்டுக் கப்பலுக்கும் இலவசமாக ஆலோசனை சொல்கிறது.

ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக மீட்புப் பணியினருக்குச் சைகை அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் கருவி ஒன்று கட்டாயம். அதைப் படகின் பேரிலும் கரையில் ஒருவரின் தொலைபேசி எண்ணோடும் பதிவு செய்திருக்க வேண்டும். லைஃப் ராஃப்டும் (அவசரக் காற்றுத் தெப்பம்), படகை விட்டு இறங்கும்போது எடுத்துக்கொண்டு போகும் அவசரப் பையும் எங்கே இருக்கின்றன என்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரிய வேண்டும். தினமும் ஒரு முறை கரையில் ஒருவருக்கு மட்டும் நம் இடத்தை அனுப்புங்கள். "48 மணி நேரம் செய்தி வராவிட்டாலும் கருவி கெட்டது என்றே நினை" என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். எங்களுடையது 14ஆம் நாள் கெட்டது. சொல்லி வைத்திருந்ததால் பாட்டி ஒருத்தி நிம்மதியாகத் தூங்கினாள்.

கரை

தெரியாத துறைமுகத்துக்குள் ராத்திரியில் நுழையாதீர்கள். 22 நாள் கழித்து விளக்குகளைப் பார்த்ததும் நுழையத்தான் தோன்றும். தூக்கம் குறைந்த மூளை எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லும். பாயைச் சுருக்கிப் படகை ஏறத்தாழ நிறுத்தி, கரையிலிருந்து தள்ளியே நின்று விடியும்வரை காத்திருங்கள். நாங்கள் காத்திருந்தோம். காவல் முறையும் வழக்கம்போல் ஓடியது.

நங்கூரம் போட்டதும் மஞ்சள் கொடியை ஏற்ற வேண்டும். குடியேற்ற, சுங்க அதிகாரிகளிடம் அனுமதி வாங்கும்வரை அது பறக்கும். அதுவரை படகின் தலைவர் மட்டுமே கரையிறங்கலாம். எல்லாருடைய பாஸ்போர்ட், படகின் பதிவுச் சான்று, கடைசித் துறைமுகம் கொடுத்த புறப்பாட்டுச் சீட்டு, பெயர்ப் பட்டியலின் நாலைந்து பிரதிகள் அவர் கையில் இருக்கட்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். தரை ஆடுவது போல ஓரிரண்டு நாள் இருக்கும், அது தானாகப் போய்விடும்.

அடுத்த இரண்டு நாளுக்கு எந்தத் திட்டமும் போடாதீர்கள். உறவினரை விமானத்தில் வரச்சொல்லாதீர்கள். என் கணவர் காகித வேலை முடித்துத் திரும்பியபோது மதியம் இரண்டு மணி. கொடியை இறக்கினோம், நங்கூரம் நகர்ந்தால் ஒலிக்கும் அலாரத்தைப் போட்டோம், திமிங்கிலத்தைக் கதவில் மாட்டினோம். 23 நாளில் முதல் முறையாக இருவரும் ஒரே நேரத்தில் படுத்தோம். எழுந்தபோது ராத்திரி. பிள்ளைகள் ரொட்டியில் ஜாம் தடவிச் சாப்பிட்டுவிட்டுத் தரை மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மேலே ஏறவில்லை என்பது தெரிந்தது, இரண்டு ஹார்னஸும் நாங்கள் மாட்டிய கொக்கியிலேயே தொங்கின.